நியம உபத்திரவம்

"வாயைத் தொறங்க தம்பி" என்று நான் சொன்னது கிளினிக்கில் அல்ல. கலகெதரயிலிருந்து கண்டிக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் மேல், காலை நேர நெரிசலில். அதைக் கேட்டு விழித்தவன் அந்த பஸ்ஸின் கொண்டக்டர்.

மிச்சக் காசு தருவதற்காக என் பக்கம் குனிந்திருந்தான். ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் நேராக விழுந்தது. இடது பக்கத்தில், தாடை மடங்கும் இடத்தில் ஒரு மேடு. காலைச் சாப்பாட்டை இன்னும் மென்றுகொண்டிருக்கிறானோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் நிமிர்ந்து "நுவர, நுவர, நுவர" என்று கண்டியின் பெயரைச் சிங்களத்தில் கத்தினான். மேடு அசையவில்லை. வாய்க்குள் ஒதுக்கிய சாப்பாடு அசையும், எலும்பு அசையாது.

"மிஸ், பஸ்ஸுக்குள்ளயா?"

"நான் பல் டொக்டர். மிச்சக் காசு பொறகு தாங்க. இப்ப தொறங்க."

பக்கத்தில் நின்ற பெண்மணி சிரித்துவிட்டார். பின்னாலிருந்து யாரோ, "தொற மச்சான், மிஸ் பிடுங்கிட்டுத்தான் எறங்குவாங்க போல" என்றார்கள். கொண்டக்டருக்கு முகம் சிவந்தது. "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்று சனத்தை விலக்கிக்கொண்டு பின் கதவுப் பக்கம் ஓடிப்போய்விட்டான்.

அவன் பெயர் றிஸ்வான் என்பது பிறகு தெரிந்தது. வயது இருபத்தைந்துக்குள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: இந்தப் பையனின் தாடைக்குள் ஏதோ இருக்கிறது, நான் அதைப் பார்க்காமல் விடப்போவதில்லை.

பல் டொக்டருக்கு பஸ்ஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பெற்றோல் வரிசைக் காலத்தில் காரை வீட்டில் போட்டவள் நான். வரிசை ஒழிந்த பிறகும் பஸ்ஸை விடவில்லை. "சண்டை பிடிக்க ஆள் கிடைக்குதே, எப்படி விடுவா?" என்பார் என் கணவர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வலி இல்லை என்ற வில்லங்கம்

ஒரு கிழமை அவனை விடாமல் பிடித்தேன். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. நாலாம் நாளுக்கெல்லாம் பிரயாணிகளே என் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். "இன்னும் போகலையா?" என்று அவனைக் கேட்கத் தொடங்கினார்கள். சாரதி சுனில் ஒரு நாள் கண்ணாடியில் அவனைப் பார்த்து, நீ போகாவிட்டால் நானே பஸ்ஸைக் கொண்டுபோய் கிளினிக் வாசலில் நிறுத்துவேன் என்று சிங்களத்தில் சொன்னார்.

கடைசியில் வந்தான். வந்து கதிரையில் சாய்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "எனக்கு ஒரு வலியும் இல்ல மிஸ்."

இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொத்தைப் பல் ஒரு நாள் வலித்தால் ஊரையே எழுப்பும் நம் சனம், வலிக்காத வீக்கத்தை வருடக் கணக்கில் செல்லம் கொடுத்து வளர்க்கும். தாடை எலும்புக்குள் வரும் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் வலிக்காது. அவை மெல்ல மெல்ல, பலூனை ஊதுகிற மாதிரி, உள்ளிருந்து எலும்பைத் தள்ளிக்கொண்டு வளரும். சீழ் பிடித்தால்தான் வலி. அதுவரை முகம் ஒரு பக்கம் கொஞ்சம் பருத்திருக்கும், அவ்வளவுதான். தாடி வைத்தால் அதுவும் தெரியாது.

"எப்ப இருந்து இருக்கு?"

"தெரியா மிஸ். ஷேவ் எடுக்கக்கொள்ள ஒரு நாள் கண்டேன். கொசு கடிச்சிருக்கும் எண்டு நெனச்சேன்."

"கொசு எலும்பையா கடிக்கும்?"

சிரித்தான். சிரிக்கட்டும் என்று விரலை உள்ளே விட்டேன். கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் எலும்பு உருண்டு புடைத்திருந்தது. தொட்டால் கல்மாதிரிக் கடினம். ஒரே ஓர் இடத்தில் மட்டும், அழுத்தியபோது, மெல்லிசாக உள்ளே போய்த் திரும்பி வந்தது. முட்டை ஓட்டை விரலால் அழுத்தினால் ஒரு மெல்லிய நொறுக்கு கேட்குமே, அது. அந்த இடத்தில் எலும்பு தேய்ந்து தேய்ந்து ஓடாகிவிட்டது என்று அர்த்தம்.

பல்லை எண்ணிப் பார்த்தேன். மற்ற மூன்று மூலையிலும் ஞானப்பல் முளைத்திருக்கிறது. இந்த மூலையில் இல்லை. யாரும் பிடுங்கவும் இல்லையாம். முளைக்காத பல் எங்கே போகும்? உள்ளேதான் இருக்கும்.

கீழ் உதட்டைப் பஞ்சால் தொட்டேன். நன்றாகத் தெரிகிறது என்றான். அதைக் கேட்டதும்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. தாடைக்குள்ளே ஓடுகிற நரம்புதான் கீழ் உதட்டுக்கு உணர்வு கொடுக்கிறது. நல்ல கட்டி அந்த நரம்பை ஓரமாகத் தள்ளும், கெட்டது அதைத் தின்னும். காரணமில்லாமல் உதடு மரத்துப்போனால் எந்தப் பல் டொக்டரும் முதலில் கெட்டதைத்தான் நினைப்பார்.

கருப்புக்குக் குணம் உண்டு

தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே ஒன்று இருக்கிறது. தலையைச் சுற்றி இயந்திரம் ஒரு வட்டம் போகும். அதை எடுத்து வரச் சொன்னேன். அடுத்த நாள் பின்னேரமே படம் என் திரைக்கு வந்தது.

எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை. எலும்பு இல்லாத இடம் கருப்பு. றிஸ்வானின் இடது தாடையில், மூலையில் தொடங்கி காதுப் பக்கமாக மேலே ஏறும் எலும்பின் பாதி வரைக்கும், கருப்பு.

அவன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். "அவ்வளவும் அழுகிட்டா மிஸ்?"

எல்லாரும் இப்படித்தான் கேட்பார்கள். கருப்பென்றால் அழுகல், கருப்பென்றால் கேன்சர். கேன்சரே பெரும்பாலும் இவ்வளவு வடிவாகக் கருப்பாக இருக்காது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நான் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த முறை, புது ஆள் ஒருவர் தெருவில் குடிவந்தால் நம் வீட்டுப் பெண்கள் விசாரிக்கிற முறைதான். எந்த வீடு? மதில் எப்படி? உள்ளே யார்? பக்கத்து வீட்டாருடன் எப்படி? கருப்பைப் பார்த்தால் இந்தக் கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்.

றிஸ்வானின் கருப்புக்கு மதில் இருந்தது. சுற்றிவர, பென்சிலால் கோடு போட்ட மாதிரி, மெல்லிய வெள்ளை விளிம்பு. மெதுவாக வளரும் கட்டிக்குத்தான் எலும்பு இப்படி மதில் கட்டும். அவசரமாகத் தின்னுகிற கெட்ட கட்டிக்கு மதில் கட்ட நேரம் கிடைக்காது, அதன் ஓரம் கறையான் அரித்த பலகை மாதிரிப் பிய்ந்து கிடக்கும்.

உள்ளே யார்? ஞானப்பல். கருப்பின் அடியில் தலைகீழாகக் கிடந்தது. வெள்ளை விளிம்பு சரியாகப் பல்லின் கழுத்தில் வந்து சேர்ந்தது. முளைக்காத பல்லைச் சுற்றியுள்ள உறையில் நீர் சேர்ந்து உண்டாகும் கட்டியின் அடையாளம் அதுதான்.

பக்கத்து வீட்டார்? நரம்பு ஓடும் குழாயைக் கீழே தள்ளிவிட்டிருந்தது. முன்னால் உள்ள கடைவாய்ப் பல்லின் வேரைக் கொஞ்சம் கரைத்திருந்தது. நல்லவனும் இல்லை, கொலைகாரனும் இல்லை.

இவ்வளவும் தெரிந்தும் நான் அவனிடம் "பயமில்லை" என்று சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. இதே மாதிரி வட்டமாக, இதே மாதிரி மதிலோடு, பல்லையும் உள்ளே வைத்துக்கொண்டு இன்னொரு கட்டி வரும். புற்று இல்லை, ஆனால் எலும்பை விடாமல் தின்னும், சுரண்டி எடுத்தால் திரும்ப வரும். அது முற்றியிருந்தால் பாதித் தாடையை வெட்டி எடுக்க நேரும். படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒரு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.

ஆகவே கேள்வி ஒன்றுதான். இந்தப் பையனுக்கு முழுத் தாடையும் மிஞ்சுமா, பாதிதான் மிஞ்சுமா? அதுவும் சீக்கிரம் தெரிய வேண்டும். முட்டை ஓடான எலும்போடு புட்போர்டில் தொங்குகிறவன். நெரிசலில் ஒரு முழங்கை பட்டால் போதும், தாடை உடையும்.

கம்பளை முதலாளியின் ஓட்டை

கருப்பு என்றதும் கம்பளை முதலாளி ஒருவரின் ஞாபகம் வருகிறது. புடைவைக் கடைக்காரர். வேறு ஒரு பல்லுக்காக எடுத்த படத்தில், தாடையின் கீழ் ஓரத்தில், நரம்புக் குழாய்க்கும் கீழே, சின்னதாக ஒரு முட்டை வடிவக் கருப்பு.

அது கட்டியே இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்று எலும்பின் உள்பக்கத்தில் சாய்ந்து சாய்ந்து உண்டாக்கிய பள்ளம். நடுவயது ஆண்களில் சிலருக்கு இருக்கும். வலிக்காது, ஒன்றும் செய்யாது. மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். அது குழாய்க்குக் கீழே இருக்கிறதே, அதுதான் அடையாளம். பல்லிலிருந்து வரும் கட்டிகள் குழாய்க்கு மேலேதான் தொடங்கும்.

"ஒன்னும் இல்ல, போங்க ஐயா" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எலும்புல ஓட்டை இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. மருந்தும் இல்லைங்கறீங்க. என்ன டொக்டர் நீங்க?" என்று எழுந்து போனார். கொழும்பு வரை போய் மூன்று பேரிடம் அதையே கேட்டுவிட்டு, படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவைத்தார். சேலை வாங்க வருகிறவர்களுக்கு அந்த ஓட்டையை இன்றைக்கும் காட்டுகிறார் என்று கேள்வி.

ஒன்றுமில்லாதவர் மூன்று ஆஸ்பத்திரி ஏறினார். தாடை உடையப் போகிறவன் என்ன செய்தான் தெரியுமா?

காணாமல் போன கொண்டக்டர்

ஓடிப்போனான்.

நான் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தேன். அங்கே சர்ஜன் நிமல் என்னோடு படித்தவர். துண்டு எடுக்க நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாளில் றிஸ்வான் போகவில்லை. நிமல் தொலைபேசியில் கேட்டார், "எங்கே உன் கொண்டக்டர்?"

அடுத்த நாள் காலையில் பஸ் ஏறினால் வேறு ஒருவன் டிக்கெட் கொடுக்கிறான். சுனிலிடம் கேட்டேன். கம்பளை லைனுக்கு மாறிவிட்டான், ஏன் என்று சொல்லவில்லை என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னைப் பார்க்கப் பயந்து ரூட்டையே மாற்றிவிட்டானே! அன்றைக்கு லீவு போட்டேன். கண்டியில் கம்பளை பஸ் நிற்கும் இடத்துக்கு நேரே போனேன். ஒரு பஸ்ஸின் பின்னால் ப்ளேன்டீக் கோப்பையோடு நின்றிருந்தான். என்னைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டு ஏறப் பார்த்தான். சேர்ட்டைப் பிடித்தேன்.

"ஏன்டா போகல?"

"போய் என்ன மிஸ் செய்ற? அவங்க சென்னாங்கதானே."

"என்ன சொன்னாங்க?"

"பெரிய ஆஸ்பத்திரில சின்ன டொக்டர் ஒராள் படத்தப் பாத்துட்டு சென்னாங்க. நியம உபத்ரவ எண்டு. என்ட காதாலயே கேட்டேன்."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. "திருப்பிச் சொல்லு. அவங்க சொன்ன மாதிரியே சொல்லு."

"நியம உபத்ரவ கெடியக் எண்டு சென்னாங்க மிஸ்."

அந்தச் சின்ன டொக்டர் சிங்களத்தில் சொன்னது ‘நிருபத்ரவ கெடியக்’. கெடிய என்றால் கட்டி. நிருபத்ரவ என்றால் உபத்திரவம் இல்லாதது. அந்தப் பிள்ளை இவனுக்கு ஆறுதல் சொல்லத்தான் பார்த்திருக்கிறாள், இது தீங்கில்லாத கட்டியாகத்தான் இருக்கும் போல என்று.

றிஸ்வானின் சிங்களம் நல்ல சிங்களம். ஆனால் பஸ்ஸில் படித்தது, புத்தகத்தில் படித்தது அல்ல. பஸ்ஸில் ‘நியம’ என்றால் அசல், முதல்தரம். நியம தேத்தண்ணி, நியம மழை, நியம ஆள். ‘உபத்ரவ’ அவனுக்குத் தமிழிலேயே தெரியும். இரண்டையும் சேர்த்தான். அசல் உபத்திரவம். முதல்தரக் கேன்சர்.

இரண்டு பாஷையும் நன்றாகத் தெரிந்தவனுக்குத்தான் இப்படிக் காது கேட்கும். தெரியாதவன் என்றால் "என்ன சொல்றீங்க?" என்று திருப்பிக் கேட்டிருப்பான்.

நான் சிரித்தேன். அந்த பஸ் நிறுத்தத்தில், அத்தனை பேருக்கு முன்னால், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். விளக்கிச் சொன்னதும் அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் அந்த இடத்திலேயே, பஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில், குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"உம்மாட்டயும் செல்லிட்டேன் மிஸ்" என்றான். "உம்மா கேட்ட நாள்ல இருந்து சாப்பிடுறல்ல."

என் சிரிப்பு அப்படியே நின்றது.

கட்டுகஸ்தோட்டையில் ஓர் அந்தி

அன்று பின்னேரமே அவன் வீட்டுக்குப் போனேன். கட்டுகஸ்தோட்டைக் கடைவீதிக்குப் பின்னால், ஆற்றுப் பக்கமாக இறங்கும் குறுகலான ஒழுங்கையில் வீடு. அவன் உம்மா இடியப்பம் அவித்து ஹோட்டல்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் கொடுக்கிறவர். ஒல்லியான, நிமிர்ந்த பெண். இரண்டு பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, இவனையும் வளர்த்தது அந்த இடியப்ப உரல்தான். வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"வாங்க மகள், இரிங்க, தேத்தண்ணி குடிங்க. ஆனா கத்தி மட்டும் வைக்க ஏலா."

‘நிருபத்ரவ’ கதையைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார். முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் பேச்சு மாறவில்லை.

"கேன்சர் இல்லாட்டி பொறகு ஏன் வெட்டோணும்? சும்மா ஈக்குறதக் கத்தியால தொட்டு, அதக் கேன்சராக்கோணுமா?"

"அப்படி ஆகாது உம்மா."

"ஆகும். இவன்ட வாப்பாக்கு ஆனது. நாக்குக்குக் கீழ சின்னப் புண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போனாரு, கத்தி வெச்சாங்க, வெச்ச பொறகுதான் பரவினது. கஞ்சி குடிக்கவும் ஏலாமப் போய், மௌத்தாயிட்டாரு. நான் பக்கத்துல இருந்து பாத்தனான், மகள். நீங்க பாக்கல்ல."

நான் கேட்டேன். "புண் வந்து எவ்வளவு காலம் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனாரு?"

அவர் விரலால் முந்தானை ஓரத்தைச் சுருட்டினார். "ரெண்டு நோம்பு போச்சு" என்றார். இரண்டு வருடம்.

"உம்மா, கத்தி பட்டதால பரவல. பரவின பொறகுதான் அவரு கத்திகிட்டயே போயிருக்காரு."

கடுமையாகத்தான் சொன்னேன். மென்மையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஒரு பொய்யால் நம் ஊரில் எத்தனை பேரை நான் தாமதமாகப் பார்த்திருக்கிறேன்! கத்தி பட்டால் பரவும், கத்தி பட்டால் பரவும் என்று சொல்லிச் சொல்லியே கத்தியால் ஒன்றும் செய்ய முடியாத நேரத்தில் வந்து நிற்பார்கள்.

உம்மா அழவில்லை. எழுந்து குசினிக்குள் போனார். பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. றிஸ்வான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இனி அவ்வளவுதான், எழுந்து போக வேண்டியதுதான் என்று நான் நினைத்தபோது தேத்தண்ணியோடு வந்தார்.

"அந்தப் படம் ஈக்குதா? காட்டுங்க."

போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அல்லாஹ், இது பல்லுதானே! இது யார்ட பல்லு?"

"உங்க மகன்ட பல்லுதான். வெளிய வர எடமில்லாம உள்ளுக்கே படுத்திருக்கு."

"ஒரு பல்லுக்கா இவன் லைன் மாறினது?" என்று மகனைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். முடியவில்லை.

"உம்மா, நான் பொய் சொல்ல மாட்டேன். பாத்தா பல்லால வந்த நீர்க்கட்டி மாதிரித்தான் இருக்கு. ஆனா இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு. அதுன்னா பெரிசா வெட்ட வேண்டி வரலாம். துண்டு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப உங்களுக்கும் பயம்தானே?"

"பயம்தான். பயமா இருக்குறதாலதான் பாக்கணும்ங்கறேன்."

போனை என்னிடம் திருப்பித் தந்தார். "திங்கக்கெழம கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஊசியில் என்ன வரும்?

அந்தத் திங்கட்கிழமை நானும் போனேன். உம்மா வெளியே பெஞ்சில் தஸ்பீஹ் மணியோடு இருந்தார். நான் உள்ளே நிமலுக்குப் பக்கத்தில்.

மரத்துப்போக ஊசி போட்ட பிறகு, வெட்டுவதற்கு முன் ஒரு பெரிய ஊசியை அந்தக் கருப்புக்குள் விட்டு இழுத்துப் பார்ப்பார்கள். அந்த ஊசிக்குள் வருவதில் பாதிக் கதை இருக்கும். இரத்தம் கொட்டினால் அன்றைக்குக் கத்தியைத் தொடவே கூடாது. தயிர் மாதிரிக் கெட்டியாக வந்தால், திரும்பத் திரும்ப வரும் வேறொரு கட்டி. ஒன்றுமே வராமலும் இருக்கும், சில இளம் பிள்ளைகளின் தாடையில் வெறும் பொந்து மட்டும் இருந்து ஆளை ஏமாற்றும்.

நிமல் இழுத்தார். வைக்கோல் நிறத்தில் தெளிவான நீர் ஏறியது. விளக்கில் பிடித்தபோது உள்ளே பொடிப்பொடியாக மினுங்கியது. நிமல் என்னைப் பார்த்தார். நீர் நல்ல நீர்தான். ஆனால் துண்டு பேச வேண்டும்.

அது பேசும்வரை வீட்டில் என்னோடு யாரும் பேச முடியவில்லை. கணவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஒரு கொண்டக்டர் பையனுக்காக ஏன் இப்படி என்று கேட்பீர்கள். உம்மாவிடம் "கத்தி பட்டதால பரவல" என்று சொன்னவள் நான். மோசமான பதில் வந்திருந்தால் அந்தப் பெண் இனி எந்த டொக்டரையும் நம்பியிருக்க மாட்டார். அவர் மட்டுமா? அந்த ஒழுங்கை முழுதும்.

பதில் வந்தது. முளைக்காத பல்லைச் சுற்றிய நீர்க்கட்டி. வேறு ஒன்றும் இல்லை. நிமல் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது நான் கிளினிக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். வெட்கம் என்ன இதில்.

ஜன்னல்

கட்டி பெரிசு, எலும்பு மெல்லிசு. ஒரே மூச்சில் தோண்டினால் தாடை உடையும், நரம்பும் போகலாம். ஆகவே நிமல் அதில் ஒரு ஜன்னல் வைத்தார். கட்டியின் சுவரில் ஓட்டை போட்டு, வாய்க்குள் திறந்து விடுவது. உள்ளே நீர் சேராது, அழுத்தம் இறங்கும், எலும்பு மெல்ல மெல்லத் திரும்ப வளர்ந்து பொந்தைச் சின்னதாக்கும். மாதக் கணக்கில் எடுக்கும். சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் ஊசிக் குழாயால் உப்புத் தண்ணீர் அடித்து அந்தப் பொந்தைக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் சோறு புகுந்து நாறும், சீழ் பிடிக்கும்.

இதை ஒரு பஸ் கொண்டக்டர் செய்வானா? நிமலுக்கு நம்பிக்கை இல்லை. "பெரிய உத்தியோகக்காரர்களே செய்றதில்லை" என்றார்.

றிஸ்வான் செய்தான். கலகெதர லைனுக்கே திரும்பி வந்தான். டிக்கெட் பையில் குழாயும் தண்ணீர்ப் போத்தலும். கத்தக் கூடாது, தொங்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் ‘நுவர’ என்று கூவுகிற வேலையை சுனில் ஏற்றுக்கொண்டார். அவர் குரலுக்கு ஏறியவர்களும் இறங்கிப் போவார்கள். றிஸ்வான் கையால் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவான். கலகெதரயில் தேநீர் குடித்த உடனே பின்னால் போய்க் கழுவுவான். மறந்தால் பிரயாணிகள் விட மாட்டார்கள். "மிஸ்ஸுக்குச் சொல்லவா?" என்று யாராவது மிரட்டுவார்கள். எனக்கு அந்த பஸ்ஸில் பொலிஸை விட மரியாதை.

ஒவ்வொரு படத்திலும் கருப்பு சுருங்கியது. ஓரத்தில் புது எலும்பு சாம்பல் நிறத்தில் இறங்கி வந்தது. நரம்புக் குழாய் தன் பழைய இடத்தை நோக்கி ஏறியது. கட்டி எலுமிச்சம்பழ அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுக்கு வந்ததும் நிமல் அதையும் பல்லையும் சேர்த்து எடுத்துவிட்டார். தாடை உடையவில்லை. மயக்கம் தெளிந்த பிறகு நான் கீழ் உதட்டைப் பஞ்சால் தொட்டேன்.

"தெரியுதா?"

"கூசுது மிஸ், விடுங்க."

கதிரையில் உம்மா

மாதா மாதம் மகனோடு கிளினிக் வாசல் வரை வந்த உம்மா, கடைசிப் படம் பார்க்க உள்ளேயும் வந்தார். திரையில் இரண்டு பக்கத் தாடையும் ஏறக்குறைய ஒரே வெள்ளை. பழைய இடம் எது என்று தேடித்தான் காட்ட வேண்டியிருந்தது.

"யாரு இந்த எலும்ப உள்ளுக்கு வெச்சது?" என்று கேட்டார்.

"யாரும் வைக்கல உம்மா. அவன்ட எலும்புதான். எடம் குடுத்தோம், தானா வளந்திச்சி."

"சுப்ஹானல்லாஹ்" என்றார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகனிடம், "நீ கொஞ்சம் வெளிய போ மகன்" என்றார்.

அவன் போனதும் கதவைச் சாத்தினார். கேட்காமலே பரிசோதனைக் கதிரையில் ஏறி உட்கார்ந்து, முக்காட்டை ஒதுக்கினார்.

"எனக்கும் ஒண்டு ஈக்குது, மகள்."

விளக்கைத் திருப்பினேன். வலது கன்னத்தின் உள்பக்கத்தில், வெற்றிலை ஒதுக்கும் இடத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. துணியால் துடைத்தேன். போகவில்லை. ஓர் ஓரத்தில் லேசாகத் தடித்திருந்தது. கழுத்தில் நெறி கட்டவில்லை. சின்னது. ஆனால் இது றிஸ்வானுடைய ஜாதி இல்லை, விட்டால் புற்றாகலாம்.

"எப்ப இருந்து உம்மா?"

"இவனுக்கு ஜன்னல் வெச்ச காலத்துல இருந்து."

"அப்ப இருந்தா? ஒவ்வொரு மாசமும் என் முன்னுக்குத்தானே வந்து நின்னீங்க! ஏன் சொல்லல?"

கத்திவிட்டேன். அவர் முகம் மாறவில்லை.

"ஒரே நேரத்துல ரெண்டு பேரும் படுத்தா ஊட்ட யார் பாக்குற? இவன்ட முடியட்டும் எண்டு இருந்தேன். முடிஞ்சிட்டுதானே." வலது கன்னத்தைத் தடவினார். "இதுக்கும் துண்டு எடுக்கோணுமா?"

"எடுக்கணும் உம்மா."

"இது மகன்ட மாதிரி இல்லதானே?"

"இல்ல. ஆனா வாப்பாட மாதிரி பிந்தியும் வரல."

தலையை ஆட்டினார். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகி, கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இண்டைக்கே எடுங்க, மகள். நாளைக்கு எனக்கு ஒரு கலியாண ஊட்டு இடியப்ப ஓடர் ஈக்குது."